தொடக்ககால பேஸ்பால் படங்கள்: ஹார்னரா, கான்லனா, பெய்னா?

பழைய பேஸ்பால் படங்களில் ஆர்வம் வருகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு முச்சந்தியில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஹார்னரும் கான்லனும் அக்கால வீரர்களைப் படம் எடுத்தவர்கள்; பெய்ன் ஒரு செய்திப்பட நிறுவனம். "கான்லன் தொகுப்பு வாங்கட்டுமா? பெய்ன் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவே, அதுவே போதுமா? ஹார்னர் என்கிறார்களே, அவர் யார்?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களின் தேவையும் ஒன்றல்ல. ஒருவருக்குச் சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும். ஒருவர் கட்டுரை எழுதுகிறார். உரிமைத் தகராறு வராத படம் வேண்டும். இன்னொருவர் சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தந்த, வீரர்களின் உருவம் கொண்ட அட்டைகளைப் பார்த்து மயங்கி, அட்டை ஓவியத்துக்கு மூலமாக இருந்த நிழற்படத்தைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார்.

இங்கே நான் பேசப்போவது ஏறத்தாழ 1900 முதல் 1920 வரையிலான காலத்தைப் பற்றி. அமெரிக்காவில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பெரிய லீகுகள், லீகுக்கு எட்டு அணிகள் என்ற ஏற்பாடு நிலைபெற்ற காலம் அது. ஹோனஸ் வாக்னர், டை காப், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் எல்லாரும் ஆடிய காலம். இதற்கு முந்தைய படங்கள் இல்லாமல் இல்லை. 1886 முதல் 1890 வரை குட்வின் நிறுவனம் தன் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தந்த அட்டைகள் அசல் நிழற்படங்கள்தான். அவற்றில் பலவற்றை புரூக்ளினில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜோசப் ஹால் எடுத்தார். பந்தைப் பிடிப்பதுபோல் வீரர் கையை நீட்டி நிற்பார். பந்தோ மேலிருந்து நூலில் தொங்கும். பல அட்டைகளில் அந்த நூல் அப்படியே தெரியும். ஸ்டூடியோவுக்குள் ஆட்டத்தைக் கொண்டுவர அன்று இருந்த வழி அதுதான். அந்த அட்டைகளை நான் மிகவும் விரும்புகிறேன் என்றாலும், புதிதாக வருகிறவர் அங்கே தொடங்க வேண்டாம். வீரர்களின் பெயர்களே பழகாத நிலையில், விதவிதமான நிற்கும் நிலைகளோடு ஆயிரக்கணக்கில் குவிந்துள்ள அட்டைகளுக்குள் நுழைந்தால் வழி தெரியாமல் போய்விடும்.

## எதை வைத்து எடைபோடுவது

"யார் சிறந்த கலைஞர்?" என்று தொடங்கினால் விவாதம் முடியவே முடியாது. நான் முதலில் கேட்பது, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதை. ஸ்டூடியோவுக்குள்ளா, மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியிலா, செய்தி நிறுவனத்தின் அனுப்புதலில் ஊர் ஊராகவா? நமக்கு முகம் கிடைக்கிறதா, ஆட்டம் கிடைக்கிறதா, கூட்டம் கிடைக்கிறதா என்பதில் பெரும்பகுதியை அந்த இடமே தீர்மானித்துவிடுகிறது.

இதற்குக் கருவியும் ஒரு காரணம். அன்றைய மைதானப் படக்காரர்களின் முக்கியமான கேமரா கிராஃப்ளெக்ஸ். பெரிய பெட்டி, மேலே ஒரு தோல் கூம்பு. அதற்குள் குனிந்து பார்த்துத்தான் குவியம் பிடிக்க வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு படம். எடுத்ததும் தட்டை மாற்ற வேண்டும். அதற்குள் ஓடியவர் பேஸை (ஓடி வந்து தொட வேண்டிய இடத்தை) தொட்டு, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டிருப்பார். தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் லென்ஸும் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. ஆகவே படக்காரர்கள் ஆட்டம் நடக்கும்போதே மைதானத்துக்குள், ஃபவுல் கோடு எனப்படும் பக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே, பேஸுக்கு மிக அருகில் போய் நின்றார்கள். அப்படி நிற்க அனுமதியும் இருந்தது.

அடுத்தது, படத்தில் இருப்பவர் யார், எந்த நாள், எந்த மைதானம் என்பது எவ்வளவு நிச்சயம். மூன்றாவது, இன்று எஞ்சியிருப்பது நெகட்டிவா, அக்காலத்திலேயே போட்ட பிரிண்டா, அச்சில் வந்த நகலா. நான்காவது செலவும் உரிமையும். ஐந்தாவதைப் பலர் கேட்பதே இல்லை: இந்தத் தொகுப்பில் யார் இல்லை?

## கார்ல் ஹார்னர்: பாஸ்டன் ஸ்டூடியோ

ஹார்னர் 1864ல் ஸ்வீடனில் பிறந்தவர். பாஸ்டனில் ஸ்டூடியோ வைத்தார். பாஸ்டனில் இரண்டு லீகுகளுக்கும் அணி இருந்தது. எனவே பருவம் முடிவதற்குள் பெரிய லீகுகளின் எல்லா அணிகளும் அந்த ஊருக்கு வந்தே ஆக வேண்டும். வந்தவர்கள் ஹார்னரின் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். ஒரே அறை, ஒரே மாதிரியான வெளிச்சம், வெற்றுப் பின்னணி, மார்பளவு உருவம். ஒரு தலைமுறை வீரர்கள் முழுவதையும் ஒரே அளவில், ஒரே முறையில் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கும் அதிசயம் அவருடைய வேலை.

இந்த ஒழுங்குதான் அவருடைய பலம். நட்சத்திரத்தையும், ஒரு பருவம் ஆடிவிட்டுக் காணாமல் போன மாற்று கேட்சரையும் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவரையும்) அவர் ஒரே மரியாதையோடு உட்கார வைத்தார். அணியினர் அனைவரின் உருவங்களையும் தனித்தனியே வெட்டி ஒரே அட்டையில் அடுக்கிய கூட்டுப் படங்களும் அவர் கடையிலிருந்து வந்தன. அடையாளம் பற்றிய கவலையும் குறைவு. பெயர் கேட்டு, உட்கார வைத்து எடுத்த படங்கள் இவை.

ஹார்னர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் எடுத்த ஒரு முகத்தைப் பார்த்திருப்பார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட, சேகரிப்பாளர்கள் டி206 என்று அழைக்கும் அட்டை வரிசையில் உள்ள ஹோனஸ் வாக்னர் அட்டை, ஹார்னர் எடுத்த உருவப்படத்தை வைத்து வரையப்பட்டது. 2022ல் அந்த அட்டையின் ஒரு பிரதி 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அட்டையில் வாக்னரின் முகம் மழுங்கி, பின்னணி ஆரஞ்சாக, கன்னம் சிவப்பாக இருக்கும். மூலப்படத்தைப் பார்த்தால் வேறு மனிதர் தெரிகிறார். அகன்ற தாடை, வாரி நடுவில் பிரித்த முடி, கேமராவைப் பார்க்காமல் சற்று விலகிய பார்வை. உடம்பால் உழைத்துப் பழகிய ஒருவர் அரைமணி நேரத்துக்கு அசையாமல் உட்காரச் சம்மதித்ததுபோன்ற ஒரு பொறுமை அந்த முகத்தில் இருக்கிறது. அட்டையைக் கோடி கொடுத்து வாங்க முடியாது; இந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் படம்தான் உயர்ந்தது.

மறைந்திருக்கும் விலை என்ன? ஹார்னரிடம் ஆட்டம் கிடையாது. மைதானம், மண், வெயில், கூட்டம் எதுவும் இல்லை. நூறு படம் பார்த்த பிறகு கண் சலித்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட கனமான அட்டையில் ஒட்டிய அசல் பிரிண்டுகள் ஏலத்துக்கு வரும்போது, அந்த வீரரின் சிகரெட் அட்டை எவ்வளவு புகழ் பெற்றதோ அந்த அளவுக்கு விலையும் ஏறிக்கிடக்கும். படத்தின் தரத்துக்கும் அந்த விலைக்கும் தொடர்பில்லை.

## சார்ல்ஸ் கான்லன்: ஃபவுல் கோட்டருகே ஒரு மெய்ப்புத் திருத்துநர்

கான்லன் தொழில்முறைப் படக்காரர் அல்ல. நியூயார்க்கில் ஈவினிங் டெலிகிராம் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துநர். படம் எடுப்பது பொழுதுபோக்கு. அங்கிருந்த விளையாட்டு ஆசிரியர் ஜான் ஃபாஸ்டர் ஊக்கப்படுத்தியதால் 1904 வாக்கில் மைதானத்துக்குக் கேமராவைத் தூக்கிப் போகத் தொடங்கினார். 1942 வரை நிறுத்தவில்லை. ஸ்பால்டிங் வழிகாட்டி ஆண்டுமலர்களிலும் தி ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையிலும் அவர் படங்கள் தொடர்ந்து வந்தன. நியூயார்க்கிலும் இரண்டு லீகுகளும் ஆடின. எல்லாரும் அவர் முன்னால் வந்து போனார்கள். ஆனால் ஹார்னரைப்போல் அவர் யாரையும் ஸ்டூடியோவுக்கு அழைக்கவில்லை. ஹில்டாப் பார்க், போலோ கிரவுண்ட்ஸ், பிறகு எபெட்ஸ் ஃபீல்ட் என்று வீரர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கே போனார்.

அவர் எடுத்ததில் எல்லாரும் அறிந்த படம், டை காப் மூன்றாவது பேஸுக்குள் சரிந்து நுழையும் படம். இடம் ஹில்டாப் பார்க். வெகுகாலம் 1909 என்று போட்டார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் 1910 என்கிறார்கள். கான்லன் மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பேஸிலிருந்து காப் பாய்ந்து வந்தார். நியூயார்க் அணியின் ஜிம்மி ஆஸ்டின் பேஸைக் காத்தார். படத்தில் காப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், உதடுகள் இழுபட்டிருக்கின்றன. கால் பட்ட இடத்திலிருந்து மண் சிதறித் தெறிக்கிறது. ஆஸ்டின் கால் வாரப்பட்டு நிலைகுலைந்துகொண்டிருக்கிறார். அவர் எங்கே விழப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்டினுக்கு அடிபட்டுவிட்டதோ என்ற பதற்றத்தில் இருந்த கான்லனுக்கு, தான் ஷட்டரை அழுத்தினோமா இல்லையா என்பதுகூட நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தட்டை மாற்றி வைத்தார். கழுவிப் பார்த்தபோதுதான் படம் விழுந்திருப்பது தெரிந்தது.

இந்த ஒரு படத்துக்காகவே அவரைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அவருடைய பெரிய சாதனையைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. கான்லனின் உயிர் ஆட்டப் படங்களில் இல்லை, அருகில் போய் எடுத்த முகங்களிலும் கைகளிலும் இருக்கிறது. எடி சிகோட் போன்ற பிட்சர்கள் (பந்தை எறிபவர்கள்) பந்தைப் பிடிக்கும் விதத்தைக் கையை மட்டும் அருகில் வைத்து எடுத்திருக்கிறார். நகம், விரல் மூட்டு, பந்தின் தையல், அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு எல்லாம் தெரியும். முகங்களை வெட்டவெளியில், இயல்பான வெயிலில் எடுத்தார். தொப்பி விளிம்பு கண்மேல் நிழல் போடும். கழுத்துப் பட்டியில் வியர்வைக் கறை. வெயிலில் காய்ந்த தோலில் கோடு கோடாகச் சுருக்கம். முப்பது வயது வீரர் ஐம்பது வயதுக்காரர்போல் தெரிவார்.

இதற்குப் பின்னால் ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. தெரிந்துவைத்துக்கொண்டால் எல்லாப் பழைய படத்துக்கும் உதவும். அக்காலத் தட்டுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை. எனவே சிவப்பு மிகக் கருமையாக விழும், நீலம் வெளிறிப்போகும். சிவந்து காய்ந்த தோல், முகத்துப் புள்ளிகள் எல்லாம் உண்மையில் இருந்ததைவிட இருண்டு தெரியும். நீலக் கண்களோ கண்ணாடிபோல் வெளிறித் தெரியும். இன்று பலர் இந்தப் படங்களுக்கு வண்ணம் ஏற்றிப் பகிர்கிறார்கள். சாம்பல் நிறத்தின் அழுத்தத்தை மட்டும் பார்த்துத் தொப்பி நீலமா சிவப்பா என்று ஊகித்தால் தலைகீழாகப் போக வாய்ப்புண்டு. வண்ணப் படத்தைச் சுவரில் மாட்ட நினைக்கிறவர்கள், அந்த அணியின் அந்த ஆண்டுச் சீருடை விவரத்தைச் சரிபார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கான்லனை எடுத்துக்கொண்டால் வரும் செலவுக்கு வருவோம். அவருடைய நெகட்டிவ்கள் தி ஸ்போர்ட்டிங் நியூஸ் வசம் போய், பின்னர் தனியார் கைக்குப் போய், 2016ல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் ஒரே தொகுதியாகச் சுமார் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. பொது நூலகம் ஒன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் புரட்டும் வசதி இல்லை. பயன்படுத்த விரும்பினால் பட விற்பனை நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். மலிவான வழி ஒன்று உண்டு. 1991 முதல் சில ஆண்டுகள் கான்லன் படங்களை மட்டுமே வைத்து மெகாகார்ட்ஸ் நிறுவனம் அட்டை வரிசைகள் வெளியிட்டது. முதல் வரிசையில் மட்டும் 330 அட்டைகள். அவை அரியவை அல்ல, அதனால் விலையும் குறைவு. முகங்களைப் பழக இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அந்தச் சின்ன அளவில் கான்லனின் நுணுக்கம் பாதிதான் வரும். அசல் நெகட்டிவ்களிலிருந்து புதிதாகப் பிரிண்ட் போட்டு 1990களில் வந்த பெரிய தொகுப்பு நூல் பழைய புத்தகச் சந்தையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மூன்று பேரில் ஒருவருக்காகப் பணம் செலவழிக்கலாம் என்றால் அது இவருக்காகத்தான்.

## பெய்ன் நியூஸ் சர்வீஸ்: பெயர் ஒன்று, கைகள் பல

ஜார்ஜ் கிராந்தம் பெய்ன் 1898ல் நியூயார்க்கில் தொடங்கியது செய்திப்பட நிறுவனம். பத்திரிகைகளுக்குப் படம் விற்பது தொழில். 1908ல் ஏற்பட்ட தீவிபத்தில் அதுவரை சேர்ந்திருந்த படக் களஞ்சியம் அழிந்துபோனது; மறுபடி ஆரம்பத்திலிருந்து சேர்த்தார். 1948ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அந்தத் தொகுப்பை வாங்கியது. சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள் அங்கே இருக்கின்றன. பேஸ்பால் அதில் ஒரு பகுதிதான். கூடவே அரசியல்வாதிகள், கப்பல்கள், வேலைநிறுத்தங்கள், ஓபரா பாடகர்கள். "பெய்ன் எடுத்த படம்" என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலானவற்றை எந்த ஊழியர் எடுத்தார் என்ற பதிவு படத்தோடு வருவதில்லை. ஒரு கலைஞரின் பார்வையைப் பின்தொடர விரும்புகிறவருக்கு இது பெரிய குறை.

ஆனால் இங்கே கிடைப்பது மற்ற இருவரிடமும் கிடைக்காது. டிக்கெட் வரிசையில் தொப்பியோடு நிற்கும் ஆண்கள், இரண்டு லீகுகளின் முதலிட அணிகளும் மோதும் உலகத் தொடர் ஆட்டங்களுக்குக் கூடிய கூட்டம், அலங்காரத் தொப்பி போட்டு வந்த பெண்கள், கோட்டு சூட்டில் வீரர்கள், பயிற்சியின்போது சோம்பிக்கிடக்கும் மதியங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1911 ஏப்ரலில் நியூயார்க்கில் எடுத்த ஒரு படம். வாஷிங்டன் அணிச் சீருடையில் ஜெர்மனி ஷேஃபர் நிற்கிறார். கையில் படக்காரர் ஒருவரின் பெரிய பெட்டிக் கேமரா. அவர் படம் பிடிக்கிறார், அவரை இன்னொருவர் படம் பிடித்திருக்கிறார். அதே ஆண்டில், இரண்டாவது பேஸை அடைந்த பிறகு எதிரணியைக் குழப்ப மறுபடி முதல் பேஸுக்கே ஓடிப்போனவர் அவர். கேமராவின் அளவு, அதை ஏந்த இரண்டு கைகளும் தேவைப்பட்ட விதம், வீரர்களும் படக்காரர்களும் எவ்வளவு சகஜமாக ஒரே புல்தரையில் நின்றார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

உரிமை விஷயத்தில் பெய்ன் தொகுப்புக்கு நிகரே இல்லை. வெளியிடுவதற்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை என்று நூலகமே குறிப்பிடுகிறது. பெரிய அளவுக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், பிரிண்ட் போடலாம், கட்டுரையில் சேர்க்கலாம்.

இலவசம் என்றாலும் உழைப்பு கேட்கும். நெகட்டிவின் ஓரத்தில் கையால் எழுதிய வெள்ளை எழுத்துகள்தான் தலைப்பு. பெரும்பாலும் குடும்பப்பெயர், அணி, அவ்வளவே. எழுத்துப்பிழை உண்டு, ஆள் மாறியதும் உண்டு, ஆண்டு தவறாகப் பதிவானதும் உண்டு. 2008 ஜனவரியில் நூலகம் இந்தப் படங்களில் ஒரு தொகுதியை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் காமன்ஸ் பகுதியில் ஏற்றியபோது, அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆர்வலர்கள் திருத்தங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்தால் நாமும் கற்றுக்கொள்ளலாம். சட்டைக் கழுத்துப் பட்டி எப்படி இருக்கிறது, மார்பில் எழுத்து எந்த வடிவம், காலுறையில் எத்தனை பட்டை என்று பார்த்து ஆண்டைப் பிடிப்பார்கள். சீருடை அடிக்கடி மாறிய காலம் அது. பின்னால் தெரியும் வேலி விளம்பரத்தையும் கேலரித் தூண்களையும் வைத்து மைதானத்தைப் பிடிப்பார்கள். நிழல் விழும் திசையைக்கூட விடமாட்டார்கள். நூலகமும் அந்தத் திருத்தங்களைத் தன் பதிவுகளில் சேர்த்துக்கொள்கிறது. எனவே ஒரு படத்தை எடுத்துப் பயன்படுத்துவதற்கு முன், அதன் கீழுள்ள குறிப்புகளை முழுக்கப் படித்துவிடுவது அவசியம்.

## மூவரையும் பக்கத்தில் வைத்தால்

| | ஹார்னர் | கான்லன் | பெய்ன் |
|---|---|---|---|
| நின்ற இடம் | பாஸ்டன் ஸ்டூடியோ | நியூயார்க் மைதானங்கள், கோட்டருகே | செய்தி போன இடமெல்லாம் |
| அதிகம் கிடைப்பது | ஒரே சீரான உருவப்படங்கள் | முகம், கை, சில அபூர்வ ஆட்டக் கணங்கள் | கூட்டம், மைதானம், நாள்நடப்பு |
| ஆள் அடையாளம் | நம்பலாம் | பெரும்பாலும் நம்பலாம்; ஆண்டைச் சரிபார்க்கவும் | ஒவ்வொன்றையும் சரிபார்க்கவும் |
| இன்று பார்க்க | அட்டைகளின் மூலமாக, ஏலப் பட்டியல்களில், கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத் தொகுப்பில் | நூல், 1990களின் அட்டைகள், பட விற்பனை நிறுவனங்கள் | இணையத்தில் இலவசம் |
| மறைசெலவு | அட்டைப் புகழால் ஏறிய விலை | பயன்பாட்டுக் கட்டணம் | நேரம் |

## பட்டியலில் வராதவர்கள்

கிளீவ்லாந்தில் லூயி வான் ஓயன் இருந்தார். செய்திப் படக்காரர். அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சன் அவரை லீகின் அதிகாரபூர்வப் படக்காரராக வைத்துக்கொண்டார். நாப் லாஜோய், ஆடி ஜாஸ் போன்ற கிளீவ்லாந்து வீரர்கள் மீது ஆர்வம் உள்ளவர்கள் நேராக இவரிடம் போகலாம். மற்றவர்களுக்கு இவர் இரண்டாம் சுற்று. நியூயார்க்கின் பால் தாம்சனும் அப்படித்தான். 1911ல் வந்த தங்க ஓர அட்டை வரிசையின் முகங்களுக்கு அவர் படங்கள் மூலமாக இருந்தன. அந்த அட்டைகளைச் சேகரிப்பவர் ஹார்னரைவிட இவரைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஐந்தாவது அளவுகோலை இப்போது எடுத்துக்கொள்கிறேன். மூவரும் காட்டுவது பெரிய லீகுகளை. அந்த லீகுகள் கறுப்பின வீரர்களுக்கு 1947 வரை கதவை அடைத்து வைத்திருந்தன. ஹார்னரின் வரிசையில் ஒரு தலைமுறை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது என்று மேலே சொன்னேன். அது அந்த அறைக்குள் அனுமதிக்கப்பட்ட தலைமுறை மட்டுமே. ரூப் ஃபாஸ்டர் போன்ற ஒரு பெரிய பிட்சரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். இந்தக் காலத்து ஆட்டத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள சிகாகோ டெய்லி நியூஸ் நெகட்டிவ்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1902 முதல் 1933 வரையிலான பல்லாயிரம் படங்கள் அவை. பேஸ்பாலில் பெரும்பாலும் சிகாகோவின் பெரிய லீக் அணிகளான கப்ஸ், ஒயிட் சாக்ஸ் படங்கள்தான். அவற்றுக்கு நடுவே 1909ல் எடுத்த லேலண்ட் ஜயன்ட்ஸ் அணியின் கறுப்பின வீரர்களும் வருகிறார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கப்ஸ் அணியோடு மோதிய அணி அது. எண்ணிக்கையில் மிகச் சில படங்கள்தான். ஆனால் வெள்ளை வீரர்களை எடுத்த அதே கேமரா, அதே மாதிரி கண்ணாடித் தட்டு, அதே இடைவெளியில் நின்று அவர்களையும் எடுத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, தடை எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

## அசல் பிரிண்ட் வாங்கும் ஆசை

படங்கள் பிடித்துப்போனதும் அடுத்த ஆசை அசல் பிரிண்ட். இங்கே பணம் வேகமாகக் கரையும். சந்தையில் பிரிண்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். மூல நெகட்டிவிலிருந்து, படம் எடுத்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டது டைப் 1. அதே நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்டது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்தோ கம்பிவழி அனுப்பியதிலிருந்தோ அக்காலத்திலேயே போட்டது டைப் 3. நகலிலிருந்து பின்னாளில் போட்டது டைப் 4. கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத் தெரியலாம். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பின்பக்க முத்திரை, கையெழுத்துக் குறிப்பு, தாளின் தன்மை ஆகியவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தீர்மானிப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

விலை படத்தை மட்டும் பொறுத்ததும் அல்ல. 2021ல் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற வீரரின் 1911ஆம் ஆண்டுப் படம் ஒன்று 14.7 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் கிளீவ்லாந்து பிளெய்ன் டீலர் பத்திரிகையின் ஃபிராங்க் ஸ்மித். நல்ல படம்தான். ஆனால் அந்தத் தொகைக்குக் காரணம் அதில் இருந்த ஜாக்சனின் கையெழுத்து. எழுதப் படிக்க வராத அவர் கையெழுத்திட்ட பொருள்கள் மிக அரிது. படக்காரருக்காக வாங்குகிறோமா, கையெழுத்துக்காக வாங்குகிறோமா என்பது தெளிவாக இல்லாதவர் ஏலத்துக்குப் போகவே வேண்டாம்.

## யாருக்கு எது

சுவரில் ஒரே ஒரு படம் என்றால் கான்லன். காப் சரியும் படத்தை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். பிட்சரின் கையை மட்டும் காட்டும் படம் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பேஸ்பால் தெரியாத விருந்தாளிகூட அருகில் போய்ப் பார்ப்பார்.

எழுத்துக்குப் படம் தேவை என்றால் பெய்ன், சந்தேகமே வேண்டாம். கூட்டமும் மைதானமும் வரும் படங்களைத் தேர்ந்தெடுத்தால் ஆள் அடையாளத் தலைவலியும் பாதி குறையும்.

அட்டை சேகரிப்பவருக்கு ஹார்னரும் தாம்சனும். ஓவியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று மூலப்படத்தோடு ஒப்பிடுவதில் மாதக்கணக்கில் மூழ்கலாம். அதற்கு அசல் பிரிண்ட் தேவையில்லை. ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் உள்ள பெரிய படங்களே போதும்.

பெயர்களே தெரியாமல் புதிதாக வருகிறவருக்கு என் வரிசை இது. முதலில் செலவில்லாமல் பெய்ன் படங்களில் ஒரே ஓர் அணியை, ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 அல்லது 1912 நியூயார்க் ஜயன்ட்ஸ் நல்ல தேர்வு, படங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வீரர்களின் முகம் பழகிய பிறகு அதே ஆட்களைக் கான்லன் எப்படிப் பார்த்தார் என்று தேடுங்கள். மேத்யூசனை மூன்று பேர் எடுத்த படங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டால், அடுத்து யாரிடம் போவது என்று பிறரைக் கேட்க வேண்டியிருக்காது. சிகாகோ நெகட்டிவ்களை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றையும் இணையத்திலேயே பார்க்கலாம்.